சாஸ் 9.4: லாக் விண்டோவின் நிறம் நிலைக்கவில்லை, எடிட்டர் மாறவே இல்லை – உதவி தேவை

இரவுநேரன்

தரவுப் பகுப்பாய்வு மென்பொருளான சாஸ் 9.4, விண்டோஸ் 10, 64 பிட். சாஸின் மற்ற இடைமுகங்களான எண்டர்பிரைஸ் கைடோ சாஸ் ஸ்டுடியோவோ இல்லை. எடிட்டர், லாக் (சாஸ் தன் செய்திகளைக் காட்டும் விண்டோ), எக்ஸ்ப்ளோரர் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும் பழைய விண்டோயிங் சூழல்தான். இரவு வேலைக்கு வெள்ளைப் பின்னணி கண்ணைக் குத்துகிறது, கறுப்பாக மாற்றப் பார்க்கிறேன். ‘டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > கலர்ஸ்’ போய் பேக்கிரவுண்டைக் கறுப்பாக்கி, ஃபோர்கிரவுண்டை வெள்ளையாக்கிச் சேவ் கொடுத்தேன். இதில் மூன்று சிக்கல்.

ஒன்று, லாக் மாறுகிறது, நிரல் எழுதும் எடிட்டர் வெள்ளையாகவே நிற்கிறது. இரண்டு, சாஸை மூடித் திறந்தால் லாகும் வெள்ளைக்கே திரும்பிவிடுகிறது. மூன்று, கறுப்பில் நோட் வரிகள் அடர்நீலத்தில் வருவதால் படிக்கவே முடியவில்லை.

ரீஇன்ஸ்டால் செய்யச் சொல்லாதீர்கள், அட்மின் உரிமை என்னிடம் இல்லை.

ப்ராக்பிரிண்ட்

ரீஇன்ஸ்டால் தேவையே இல்லை. இரண்டாவது சிக்கலை முதலில் பார்ப்போம், மற்றதெல்லாம் அதைச் சார்ந்தது. சாஸ் திறந்தவுடன், எதையும் ஓட்டுவதற்கு முன், லாகின் உச்சிக்குப் போய்ப் பாருங்கள். லைசென்ஸ் வரிகளுக்குப் பக்கத்தில், சாஸ்யூசர் டாட் ப்ரொஃபைலைத் திறக்க முடியவில்லை, அதற்குப் பதில் வொர்க் டாட் ப்ரொஃபைல் திறக்கப்படும், செஷன் முடிந்ததும் ப்ரொஃபைல் மாற்றங்கள் அனைத்தும் போய்விடும் என்ற பொருளில் நோட் இருக்கிறதா?

இரவுநேரன்

இருக்கிறது, வார்த்தைக்கு வார்த்தை அதேதான். இத்தனை நாளும் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறேன்.

ப்ராக்பிரிண்ட்

அப்படியென்றால் நோய் தெரிந்துவிட்டது. நிறம், விண்டோ அளவு, ஃபங்ஷன் கீ அமைப்பு எல்லாம் சாஸ்யூசர் லைப்ரரியில் (உங்கள் அமைப்புகளை வைக்கும் ஃபோல்டர்) இருக்கும் ‘ப்ரொஃபைல்’ என்ற கேட்டலாக் கோப்பில்தான் எழுதப்படுகின்றன. 9.4க்கு அது வழக்கமாக டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் ‘மை சாஸ் ஃபைல்ஸ்’ என்பதற்குள், 9.4 என்ற உள்ஃபோல்டரில் இருக்கும். கோப்பின் பெயர் ப்ரொஃபைல், எக்ஸ்டென்ஷன் ‘சாஸ்7பிகேட்’. அந்தக் கேட்டலாக்கை ஒரு நேரத்தில் ஒரு செஷன்தான் எழுதுவதற்குப் பிடிக்க முடியும். பிடி கிடைக்காத செஷனுக்கு வொர்க் லைப்ரரியில் தற்காலிக ப்ரொஃபைல் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். வொர்க் என்றால் தெரியுமே, செஷன் மூடியதும் துடைத்துவிடும். உங்கள் நிறங்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்து அழிகின்றன.

பிடி கிடைக்காததற்கு வழக்கமான காரணங்கள் இவை. நிகழ்தகவு வரிசையில் எழுதியிருக்கிறேன், அதே வரிசையில் பாருங்கள்.

முதலாவது, இன்னொரு சாஸ் செஷன் ஏற்கெனவே திறந்திருப்பது. கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் சாஸ் டாட் இஎக்ஸ்இ வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள். தொங்கிப்போய் மூடிய செஷன் பின்னணியில் உயிரோடு கிடப்பது சர்வ சாதாரணம். அதில் ஏதும் வேலை ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள்.

இரண்டாவது, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே நெட்வொர்க் டிரைவிலோ ஒன்டிரைவிலோ இருப்பது. ஒத்திசைக்கும் மென்பொருள் கோப்பைப் பிடித்திருக்கும் நேரத்தில் சாஸ் கேட்டால் கிடைக்காது. சாஸ்யூசர் எங்கே சுட்டுகிறது என்று தெரிந்துகொள்ள ‘ப்ராக் ஆப்ஷன்ஸ் ஆப்ஷன்=சாஸ்யூசர்; ரன்;’ ஓட்டுங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

மூன்றாவது, ஆர்சாஸ்யூசர் ஆப்ஷன். நிறுவனத்தின் கான்ஃபிக் கோப்பில் இதைப் போட்டிருந்தால் சாஸ்யூசர் முழுவதும் படிக்க மட்டுமே, எதுவும் சேமிக்காது. அதே ப்ராக் ஆப்ஷன்ஸில் ஆர்சாஸ்யூசர் என்று மாற்றிப் பார்த்தால் தெரியும்.

இரவுநேரன்

டாஸ்க் மேனேஜரில் இரண்டு சாஸ் இருக்கிறது. ஒன்று நான் திறந்தது, மற்றது பேட்ச் ஓட்டம் (விண்டோ இல்லாமல் பின்னணியில் ஓடும் நிரல்), ஷெட்யூலரில் வருவது. அதை நிறுத்த முடியாது, பாதி இரவு ஓடும்.

ப்ராக்பிரிண்ட்

நிறுத்த வேண்டாம், பிரித்துவிடுங்கள். உள் டிரைவில் உங்கள் பெயருக்கு ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். சாஸ் ஷார்ட்கட்டின் ‘ப்ராப்பர்ட்டீஸ் > டார்கெட்’ வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறி, ஒட்டியே சாஸ்யூசர், மறுபடி இடைவெளி, பிறகு இரட்டை மேற்கோளுக்குள் ஃபோல்டரின் முழுப் பாதை. ஷார்ட்கட் டெஸ்க்டாப்பில் உங்கள் சொந்தப் பிரதியாக இருந்தால் அட்மின் உரிமை கேட்காது. அந்த ஷார்ட்கட் வழியாகத் திறந்தால் ப்ரொஃபைல் புதிதாகப் பிறக்கும், பேட்ச் பழையதைப் பிடித்திருந்தாலும் கவலையில்லை. பழைய ஃபங்ஷன் கீ அமைப்புகள் வேண்டுமென்றால், எந்த சாஸும் திறந்திராத நேரத்தில் பழைய ப்ரொஃபைல் கோப்பைப் புது ஃபோல்டருக்கு நகல் எடுங்கள்.

திறந்ததும் லாக் உச்சியில் அந்த நோட் மறைந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் நிறத்தில் கை வையுங்கள்.

நெய்தல்

எடிட்டர் விஷயம். என்ஹான்ஸ்டு எடிட்டர் தனிக் கட்சி. ‘டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > கலர்ஸ்’ என்பது சாஸ்கலர் விண்டோ; அது சொல்வதை எடிட்டர் கேட்காது. கலர் கட்டளையும் அங்கே செல்லாது. அதன் அமைப்புகள் ப்ரொஃபைலில் இல்லை, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், நடப்புப் பயனர் கிளைக்குக் கீழ் இருக்கின்றன. அதனால் உங்கள் ப்ரொஃபைல் பூட்டு எடிட்டரைத் தொடாது என்பது ஒரு நல்லது.

மாற்ற வேண்டிய இடம்: எடிட்டரைச் சொடுக்கி முன்னால் கொண்டுவாருங்கள், ‘டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > என்ஹான்ஸ்டு எடிட்டர்’, அதில் ‘அப்பியரன்ஸ்’ பக்கம். இங்கே எல்லோரும் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. கமென்ட், கீவேர்ட், ஸ்ட்ரிங், எண், மேக்ரோ என்று ஒவ்வொரு உறுப்புக்கும் எழுத்து நிறம் தனி, பின்னணி நிறமும் தனி. பேக்கிரவுண்டை மட்டும் கறுப்பாக்கினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் வெள்ளைப் பட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும். பட்டியலில் முதல் உறுப்பைச் சொடுக்கி, ஷிஃப்டை அழுத்தியபடி கடைசி உறுப்பைச் சொடுக்கினால் மொத்தமும் தேர்வாகும். அப்போது பின்னணியை ஒரே வீச்சில் கறுப்பாக்குங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எழுத்து நிறம்.

முடித்ததும் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து ஸ்கீமுக்குச் சொந்தப் பெயர் வையுங்கள்.

மெர்ஜ்மாறன்

மூன்றாவது சிக்கலுக்கு நான் சொல்றேன். லாகுக்கு சாஸ்கலர் விண்டோவை விட கலர் கட்டளை சுத்தம். மேலே இருக்கிற கமாண்ட் பாரில் இப்படித் தட்டுங்க:

லாக்; கலர் பேக் பிளாக்; கலர் சோர்ஸ் ஒயிட்; கலர் டேட்டா ஒயிட்; கலர் நோட்ஸ் சியான்; கலர் வார்னிங் யெல்லோ; கலர் எரர் பிங்க்; டபிள்யூசேவ்

முதல்ல ‘லாக்;’ போட்டதுக்குக் காரணம் இருக்கு. கலர் கட்டளை எந்த விண்டோ முன்னால இருக்கோ அதுக்குத்தான் போகும். எடிட்டர் முன்னால இருந்தா வீண். கடைசியில டபிள்யூசேவ் (ஒரே சொல், இடைவெளி இல்லை) போடலைன்னா இந்த செஷனோட முடிஞ்சுது. அது ப்ரொஃபைல்ல ‘டபிள்யூசேவ்’ வகை எண்ட்ரியா உட்காரும்.

இன்னொண்ணு: ஒரு விண்டோவுக்கு டபிள்யூசேவ் போட்டாச்சுன்னா, அப்புறம் சாஸ்கலர்ல என்ன மாத்தினாலும் அந்த விண்டோ அசையாது, தன்னோடதைத்தான் எடுத்துக்கும். பழையபடி ஆகணும்னா ‘ப்ராக் கேட்டலாக் கேட்=சாஸ்யூசர்.ப்ரொஃபைல்; கான்டென்ட்ஸ்; ரன்;’ ஓட்டி எண்ட்ரி பேரைப் பாத்து அதை மட்டும் டெலீட் பண்ணுங்க. மொத்த ப்ரொஃபைலையும் அழிச்சா ஃபங்ஷன் கீயும் போயிரும்.

கறுப்புத்திரை

நோட்டுக்கு சியான் எதற்கு? மங்கலான சாம்பல் வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். எரரும் வார்னிங்கும் பளிச்சென்று தெரிந்தால் போதாதா? நோட்டை யார் படிக்கிறார்கள்?

மெர்ஜ்மாறன்

அங்கதான் ஆபத்து. சாஸ்ல பாதி விபரீதம் நோட்டாத்தான் வரும். வேரியபிள் பேரைத் தப்பா அடிச்சா, ‘அன்இனிஷியலைஸ்டு’ன்னு ஒரு நோட். மெர்ஜ் பண்றப்ப (டேட்டாசெட்டுகளை இணைக்கிறப்ப) ரெண்டு டேட்டாசெட்லயும் பை மதிப்பு (எதை வெச்சு இணைக்கிறோமோ அந்த மதிப்பு) திரும்பத் திரும்ப வந்தா, அதுவும் நோட். எழுத்து மதிப்பை எண்ணா தானே மாத்திக்கிட்டாலும் நோட். மிஸ்ஸிங் மதிப்பு உருவானாலும் நோட். ஒரு சிவப்பு வரி கூட இல்லாம டேபிள் அச்சாகும், எண்ணெல்லாம் தப்பா இருக்கும். நோட்டைச் சாம்பலாக்குறது, புகை அலாரத்து மேல துணி போடுற மாதிரி.

கறுப்புல சியான் நல்லா எடுப்பாத் தெரியும், எரரோட குழம்பாது. அதான் அது.

உங்களுக்கு நோட் படிக்கவே பிடிக்கலைன்னா ரெண்டு ஆப்ஷனாவது போட்டு வைங்க. ‘மெர்ஜ்நோபை=எரர்’ போட்டா பை இல்லாத மெர்ஜ் எரர் ஆகும். ‘வேரினிட்சிஎச்கே=எரர்’ போட்டா அன்இனிஷியலைஸ்டு நோட் எரர் ஆகும். பை மதிப்பு திரும்ப வர்ற நோட்டை இது ரெண்டும் தொடாது, அதைக் கண்ணாலதான் பிடிக்கணும்.

நெய்தல்

நிறத் தேர்வு பற்றி ஒரு சேர்க்கை. சாஸின் இயல்புநிலையில் எரர் சிவப்பு, வார்னிங் பச்சை, நோட் நீலம். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். அதனால் வார்னிங் நிறத்தை மாற்றுவது நல்லது. ஆனால் மஞ்சளாக்குவதை வெள்ளைத் திரைக்காரர்களிடம் பரிந்துரைக்க மாட்டேன் (வெள்ளையில் மஞ்சள் காணாமல் போகும்), அவர்களுக்கு ஆரஞ்சு. கறுப்பில் மஞ்சள் சரி.

உங்கள் நிரலே வெளியிடும் செய்திகளும் இந்த நிறங்களில் வரும். பர்சென்ட்புட் வரியில் (லாகில் செய்தி எழுதும் கட்டளை) எரர் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்தால் லாகில் எரர் நிறம். முக்காற்புள்ளிக்குப் பதில் சிறுகோடு வைத்தால் எரர் என்ற சொல் மறைந்து, அந்த அகலத்துக்கு இடம் விட்டு, அடுத்த வரி அதே நிறத்தில் வரும். நீளமான செய்தியை இரண்டு மூன்று வரியாக உடைக்க வசதி. சின்ன எழுத்தில் எழுதினால் நிறம் ஏறாது.

இரவுநேரன்

புது ஷார்ட்கட்டில் அந்த நோட் வரவில்லை. லாக் கறுப்பு, சியான் நோட் எல்லாம் மூடித் திறந்தாலும் நிற்கிறது. எடிட்டரும் சரி, ஷிஃப்ட் வழி வேலை செய்தது. இப்போது ப்ராக் ஃப்ரீக் (எண்ணிக்கை அட்டவணை தருவது) ஓட்டினால் முடிவு மட்டும் வெள்ளைப் பளீரென்று திறக்கிறது. கூடவே, குழுவில் இன்னும் சிலர் இதே நிறம் கேட்கிறார்கள், ப்ரொஃபைல் கோப்பை அப்படியே கொடுத்துவிடலாமா?

ப்ராக்பிரிண்ட்

ப்ரொஃபைல் கோப்பைக் கொடுக்காதீர்கள். உங்கள் கீ அமைப்பும் விண்டோ அளவும் அவர்கள் தலையில் விழும். இன்னும் யாராவது 32 பிட் சாஸ் வைத்திருந்தால் திறக்கவே திறக்காது. டேட்டாசெட்டை மாற்றிப் படிப்பது போல கேட்டலாக்கை இடையில் மாற்றிப் படிக்க சாஸுக்கு வழியில்லை.

மெர்ஜ்மாறன் கொடுத்த வரியை டிஎம் ஸ்டேட்மென்டாக்கி (விண்டோ கட்டளையை நிரலிலிருந்து கொடுக்கும் வரி) ஆட்டோஎக்ஸெக் கோப்பில் (சாஸ் திறக்கும்போது தானே ஓடும் நிரல்) போடச் சொல்லுங்கள். ‘டிஎம்’, பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் அந்தக் கட்டளைத் தொடர் முழுவதும், மேற்கோளை மூடி அரைப்புள்ளி. உள்ளே இருக்கும் டபிள்யூசேவை மட்டும் எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் ஆட்டோஎக்ஸெக்கே நிறத்தை வைத்துவிடும். ப்ரொஃபைல் பூட்டியிருந்தாலும் இது பாதிக்காது. பேட்சிலும் எண்டர்பிரைஸ் கைடிலும் இதனால் பயன் கிடையாது, விண்டோ இருந்தால்தானே நிறம்.

எடிட்டர் ஸ்கீமுக்கு: ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் நடப்புப் பயனர் கிளை, சாஃப்ட்வேர், சாஸ் இன்ஸ்டிட்யூட், அதற்குள் என்ஹான்ஸ்டு எடிட்டர். அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு ரெஜ் கோப்பு கிடைக்கும். பெறுபவர் சாஸை மூடிவிட்டுத்தான் அதை இறக்க வேண்டும். தன்னுடைய கிளையை முன்கூட்டி எக்ஸ்போர்ட் செய்து வைக்கச் சொல்லுங்கள். சில அலுவலகங்களில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரையே முடக்கியிருப்பார்கள்; அங்கே கையால்தான் அமைக்க வேண்டும்.

நெய்தல்

வெள்ளை முடிவு: 9.3 முதல் விண்டோயிங் சூழலில் முடிவு எச்டிஎம்எல்லாக, எச்டிஎம்எல்புளூ என்ற ஸ்டைலில் வருகிறது. அது லாக் போன்ற சாஸ் விண்டோ அல்ல, உள்ளே திறக்கும் வலைப்பக்கம். கலர் கட்டளைக்கு அங்கே அதிகாரம் கிடையாது.

எளிய வழி: ‘டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > ப்ரிஃபரன்ஸஸ் > ரிசல்ட்ஸ்’ போய் ‘கிரியேட் லிஸ்டிங்’ டிக் செய்து, ‘கிரியேட் எச்டிஎம்எல்’ டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய அவுட்புட் விண்டோவில் வெறும் எழுத்தாக முடிவு வரும். ‘அவுட்புட்; கலர் பேக் பிளாக்;’ என்று தொடங்கி, டேட்டா, டைட்டில், ஹெடர் மூன்றுக்கும் வெள்ளை கொடுத்து டபிள்யூசேவ்.

எச்டிஎம்எல்தான் வேண்டுமென்றால் ப்ராக் டெம்ப்ளேட்டில் எச்டிஎம்எல்புளூவைப் பேரன்ட்டாக வைத்து ஒரு ஸ்டைல் எழுத வேண்டும். பாடி என்ற கிளாஸை மட்டும் கறுப்பாக்கினால் பக்கம் கறுப்பு, அட்டவணைக் கட்டங்கள் பழைய நிறம் என்று அலங்கோலமாக இருக்கும். டேட்டா, ஹெடர், ரோஹெடர், சிஸ்டம்டைட்டில் இவற்றுக்கும் பேக்கிரவுண்ட்கலர், கலர் இரண்டையும் கொடுங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் கோப்பில் இந்த ஸ்டைல் ஒட்டிக்கொண்டு போகாமல், அங்கே ஓடிஎஸ் வரியில் (முடிவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் கட்டளை) ஸ்டைலைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

இதிலும் பழைய பூட்டு எட்டிப் பார்க்கும். ஸ்டைல் இயல்பாகச் சேமிக்கப்படும் இடம் சாஸ்யூசர் டாட் டெம்ப்ளாட். ஷார்ட்கட் வழியாக அல்லாமல் வேறு வழியில் சாஸைத் திறந்து, பேட்ச் சாஸ்யூசரைப் பிடித்திருந்தால், டெம்ப்ளேட் ஸ்டோரில் எழுத முடியவில்லை என்று எரர் வரும். அப்போது ப்ராக் டெம்ப்ளேட்டுக்கு முன்னால் ‘ஓடிஎஸ் பாத்’ வரியில் வொர்க் டாட் டெம்ப்ளாட்டை அப்டேட் என்றும், சாஸ்ஹெல்ப் டாட் டிஎம்பிஎல்எம்எஸ்டியை ரீட் என்றும் கொடுத்தால் அந்த செஷனுக்கு ஓடும்.

இரவுநேரன்

லிஸ்டிங்குக்கு மாறிவிட்டேன், கண்ணுக்கு நிம்மதி. டிஎம் வரியைக் குழுவுக்கு அனுப்பியாயிற்று. ஒருவருக்கு மட்டும் ஆட்டோஎக்ஸெக் ஓடவே இல்லை போலிருக்கிறது, லாக் வெள்ளையாகவே வருகிறதாம்.

ப்ராக்பிரிண்ட்

அவரிடம் ‘ப்ராக் ஆப்ஷன்ஸ் ஆப்ஷன்=ஆட்டோஎக்ஸெக்; ரன்;’ ஓட்டச் சொல்லுங்கள். பாதை காலியாக வந்தால் சாஸ் கோப்பைக் கண்டுபிடிக்கவில்லை. ஷார்ட்கட்டில் சாஸ்யூசர் போட்ட மாதிரியே மைனஸ் ஆட்டோஎக்ஸெக், பிறகு மேற்கோளுக்குள் கோப்பின் முழுப் பாதை. பாதை சரியாக வந்தும் நிறம் வரவில்லை என்றால், மேற்கோள் குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ ஒட்டி எடுத்த வரியில் நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும், சாஸுக்கு அது மேற்கோளே அல்ல. நோட்பேடில் அழித்து மறுபடி தட்டினால் போதும்.