‘தரம் உயர்வு’ வேண்டாம், ‘ஏற்றத் திருத்தம்’ என்போமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஊசிச் சோதனையில் புற்றுக்குப் போட்ட தீவிர மதிப்பெண், அறுவைக்குப் பின் பார்க்கும்போது கூடிவருவதை ஆங்கிலத்தில் ‘upgrading’ என்கிறார்கள். நம் புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்க் கையேட்டுக்கு, அதற்கு ஈடாக மருத்துவர் ஐயா முன்வைத்த ‘தரம் உயர்வு’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 2022-இல் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தபோது, பெரிய ஆஸ்பத்திரி தரம் உயர்ந்துவிட்டது என்றுதான் ஊரில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டோம். புற்றுக்கட்டி அறிக்கையில் அதே சொல்லா?

பாம்பனில் விசைப்படகு ஓட்டிய என் பெரியப்பாவின் அறிக்கைகள் இப்போது என் கையில் இருக்கின்றன. ஊசிச் சோதனையில் கிளீசன் மதிப்பெண் (நுண்ணோக்கியில் புற்றுத் திசு எவ்வளவு தீவிரமாகத் தெரிகிறது என்பதற்கு இரண்டு எண்களைக் கூட்டிப் போடுவது) 3+3=6. சுரப்பியை எடுத்த பிறகு 3+4=7. “கத்தி பட்டதும் முத்திருச்சாடா?” என்றுதான் முதலில் கேட்டார். ‘உயர்வு’ என்று எழுதினால் இந்தப் பயத்துக்கு நாமே துணைபோகிறோம்.

எதுவும் முத்தவில்லை. ஊசி வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் நூல் போன்ற திசுவை எடுக்கிறது, அவ்வளவுதான். கூடையின் மேலே கிடக்கும் மீனைப் பார்த்து ஏலம் கேட்பது போல. முழுச் சுரப்பியையும் நறுக்கி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, ஊசி படாத மூலையில் ஏற்கெனவே இருந்த தீவிரமான பகுதி தெரியவருகிறது. பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதம், இரத்தத்தில் அளப்பது) பத்துக்குக் கீழே, கிளீசன் 6, கட்டியும் சிறியது என்று ‘குறைந்த ஆபத்து’ப் பிரிவில் வைக்கப்பட்டவர்களிலும், அறுவைக்குப் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. ஆய்வுக்கு ஆய்வு கொஞ்சம் கூடும், குறையும்.

அதனால் ‘திருத்தம்’ என்ற சொல் கட்டாயம் வேண்டும். மாறியது நோயல்ல, நாம் போட்ட கணக்கு. ஏற்றத் திருத்தம், இறக்கத் திருத்தம் இரண்டும் உண்டு. சிலருக்கு அறுவைக்குப் பின் மதிப்பெண் குறையவும் செய்கிறது.

எது திருத்தப்படுகிறது? ‘நிலை’ வேண்டாம், அது நோய் எவ்வளவு பரவியது என்பதற்குப் போய்விட்டது. ‘வீரியம்’ நல்ல சொல்தான், ஆனால் புரோஸ்டேட் நோயாளியிடம் வீரியம் கூடிவிட்டது என்றால் அவர் வேறு எதையோ நினைப்பார். ‘தீவிரப்படி’ சரியாக வரும். கிளீசன் மதிப்பெண்களை 2014-இல் ஒன்று முதல் ஐந்து வரை வகுத்த தொகுதிகளும் முதல் படி (3+3), இரண்டாம் படி (3+4) என்று இயல்பாக அமைகின்றன.

அப்புறம், ‘ஏற்றத் திருத்த முன்கணிப்பு’, அதாவது மதிப்பெண் ஏற வாய்ப்பு உண்டா என்று அறுவைக்கு முன்பே கணிப்பது. கத்தி வைக்காமல் தொடர் கண்காணிப்பில் இருக்கலாமா என்று முடிவெடுக்க இது உதவும். பி.எஸ்.ஏ. அளவைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுத்தால் பி.எஸ்.ஏ. அடர்த்தி. பி.எஸ்.ஏ. 6 உள்ள இருவரில், சுரப்பி 60 மில்லி என்றால் 0.10, 30 மில்லி என்றால் 0.20. பொதுவாக 0.15-ஐத் தாண்டினால் கூடுதல் கவனம் தேவை. புற்று தென்பட்ட ஊசித் துண்டுகளின் எண்ணிக்கை, வயது, எம்.ஆர்.ஐ. படம் இவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

குழுமத்தில் உள்ள நோயியல் மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். “ஊசிச் சோதனையில் முதல் படி, முழுச் சுரப்பியில் இரண்டாம் படி, ஏற்றத் திருத்தம்” என்று அறிக்கையில் எழுத உங்களுக்குக் கை வருமா? இடறும் இடம் இருந்தால் சொல்லுங்கள், கையேடு அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடலாம்.