'மியூசிக் வீடியோ' – ரசீதில் என்னவென்று எழுதுவது?

அனைவருக்கும் வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். தமிழ்ச் சொல் தேடும் இந்தக் குழுவில் இத்தனை நாள் படிப்பதோடு சரி. இப்போது எழுத வைத்தது ஒரு ரசீது.

போன மாதம் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுக்கு ஏற்காட்டில் படம் எடுத்துத் தரச் சொல்லி முன்பணம் கொடுத்தான். ரசீதில் 'ஆல்பம் – 1' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவன் அப்பா வந்து, "ஆல்பம் ரெடியாப்பா? எத்தனை பக்கம் வருது?" என்கிறார். எங்கள் தொழிலில் ஆல்பம் என்றால் போட்டோ ஒட்டிய கனத்த புத்தகம்தானே. பையனுக்குப் பொண்ணு பார்த்து முடிவாகிவிட்டதோ என்று அவருக்கு ஒரே குழப்பம். பையன் பாவம், கடைக்கு வெளியே நின்றுகொண்டான்.

யோசித்தால் அப்பா சொன்னதுதான் மூலப் பொருளுக்குப் பக்கம். அந்தக் காலத்தில் பல இசைத்தட்டுகளை போட்டோ ஆல்பம் போன்ற அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றார்கள். பாட்டுத் தொகுப்புக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். இன்று ஒற்றைப் பாட்டுக்கும் 'ஆல்பம் சாங்' என்கிறோம். தொகுப்பு போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புது ரசீது புத்தகம் அடிக்கப் போகிறேன். 'மியூசிக் வீடியோ'வுக்கு 'இசைக் காணொளி' என்று போடலாமா?

– அஸ்தம்பட்டியிலிருந்து

~

தம்பிக்கு,

போட்டால் புரியும். ஆனால் அதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. காணொளியா காணொலியா, விழியமா நிகழ்படமா என்ற பழைய வழக்கை இங்கே இழுக்கவில்லை. 'வீடியோ' என்ற பாதியை மொழிபெயர்க்கத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி.

அந்தப் பண்டத்தின் பெயர் அதன் ஊரிலேயே எத்தனை முறை மாறியிருக்கிறது பாருங்கள். 1890களில் அமெரிக்காவில் மேடையில் ஒருவர் பாட, பின்னால் வண்ணம் தீட்டிய கண்ணாடிச் சில்லுகளை விளக்கொளியில் காட்டினார்கள். அதற்குப் 'படம் போட்ட பாட்டு' என்ற பொருளில் ஒரு பெயர். 1940 வாக்கில் 'பனோரம்' என்ற பெட்டி மதுக்கடைகளுக்கு வந்தது. பத்து சென்ட் காசு போட்டால் மூன்று நிமிடப் பாட்டு ஓடும். எட்டுப் பாட்டும் ஒரே சுருளில் இருந்ததால் உங்களுக்குப் பிடித்தது வரவேண்டுமென்றால் காசு போட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும். அந்தப் படத்துக்கு 'சவுண்டி' என்று பெயர். 1960இல் பிரான்சில் வந்த 'ஸ்கோபிடோன்' பெட்டியில் 36 பாட்டில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். பீட்டில்ஸ் குழு 1966இல் தாங்கள் நேரில் போகமுடியாத தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பாட்டைப் படமாக்கி அனுப்பியது. பிரிட்டனில் அதை 'புரொமோ' என்றார்கள், விளம்பரம் என்ற பொருளில்.

'வீடியோ' எப்போது ஏறியது? குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'யை 1975இல் வீடியோ நாடாவில் எடுத்தார்கள். 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு அந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. வேடிக்கை என்னவென்றால், எல்லாவற்றிலும் பேர்பெற்ற மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 1983இல் நாடாவில் எடுக்கப்படவே இல்லை. சினிமாவுக்குரிய 35 மி.மீ. பிலிமில் எடுத்தது. இன்று நாடாவும் இல்லை, பிலிமும் அரிது. இல்லாத நாடாவுக்கு நாம் ஏன் தமிழ் தேடுகிறோம்?

நம் சிக்கல் வேறு. அவர்களுக்குப் பாட்டைக் கண்ணால் பார்ப்பதே புதுமை. நமக்கு அது பழைய சோறு. உங்கள் ஏற்காடு ரோட்டிலேயே, 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. உள்ளே எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் பாட்டில்லாமல் எது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த தலைமுறை நாங்கள். ஆகவே 'பாடல் காட்சி' என்றால் படத்துக்குள் வரும் பாட்டு. 'படப்பாட்டு' என்றாலும் அதுவே. திருப்பிப் போட்டு 'பாட்டுப்படம்' என்றால், பேய்ப்படம், சாமிப்படம் போல, பாட்டு நிறைந்த முழுப்படம். நல்ல சொற்களையெல்லாம் சினிமா முன்பே வளைத்துப்போட்டுவிட்டது.

நமக்குப் புதிது படமல்ல. சினிமாவைச் சாராமல் பாட்டு தனியாக நிற்பதுதான். பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இதற்கு வழி காட்டுகிறது: கதையில் கோத்து வருவது தொடர்நிலை, ஒரே செய்யுளாகத் தனித்து நிற்பது முத்தகம். அதனால் 'தனிப்பாட்டு' என்று அச்சடியுங்கள். தனிப்பாடல் திரட்டு படித்த மொழிக்கு இது அந்நியமாகாது.

– ஏற்காட்டிலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியன்

~

ஐயா, முத்தகம் என்று எழுதினால் முத்தம் என்று படிப்பார்கள். ஏற்காட்டு மலைமுனை லேடீஸ் சீட்டில் எடுக்கிற பாட்டில் பாதிக்கு அது பொருந்தவும் செய்யும் :-)

'தனிப்பாட்டு' உதவாது. சினிமாவில் ஒருவர் மட்டும் பாடினால் தனிப்பாட்டு, இருவர் பாடினால் ஜோடிப்பாட்டு. அந்தப் பையன் ஒரு பெண் குரலையும் சேர்த்திருந்தால் ரசீதில் 'ஜோடிப்பாட்டு – தனிப்பாட்டு' என்றா எழுதுவார்?

சென்னையில் பன்னிரண்டு வருஷம் கேமரா உதவியாளாக இருந்தேன். பாட்டு எடுக்கும்போது முதலில் கேட்கிற குரல் 'நாகரா!' என்பதுதான். சுவிட்சர்லாந்து ஒலிப்பதிவு இயந்திரத்தின் பெயர் அது. இயந்திரம் போய்க் கணினி வந்த பிறகும் அந்தக் குரல் மாறவில்லை. அதில் முன்பே பதிந்த பாட்டு ஓடினால்தான் நடிகர் வாயசைப்பார், கேமரா நகரும். ஒலி முன்னால், படம் பின்னால். பெயரிலும் அந்த வரிசை இருக்கட்டும்: பாட்டு முதலில், படம் அடுத்து. படத்துக்குத்தான் நம்மிடம் ஊரறிந்த ஒரு சொல் இருக்கிறதே, குறும்படம். தனியாக நிற்பது என்ற பொருள் அதற்குள்ளேயே அடக்கம். இன்னொரு படத்துக்குள் வருவதை யாரும் குறும்படம் என்பதில்லை. 'பாட்டுக் குறும்படம்.' மைக்கேல் ஜாக்சனும் தன்னுடையவற்றைக் குறும்படம் என்றுதான் சொல்லிவந்தார்.

– சூரமங்கலத்திலிருந்து

~

ஒரு ஐயம். 2011 நவம்பரில் வந்த 'கொலவெறி' எதில் சேரும்? அது '3' படத்துப் பாட்டு. ஆனால் உலகம் பார்த்தது படக்காட்சியை அல்ல, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவதை. எழுத்து மட்டும் ஓடுகிற 'லிரிக் வீடியோ'வும் இருக்கிறதே?

– ஆத்தூரிலிருந்து

~

தம்பி, கொலவெறி வெளிவந்த அன்று பாட்டுக் குறும்படம். படம் வந்த பிறகு சினிமாப் பாட்டு. ஒரே ஆள் வீட்டில் அப்பா, ஆபீசில் மேனேஜர் என்பது போல. 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'க்கு இந்தத் தொல்லையே இல்லை, முழுக்கப் பொருந்தும். எழுத்து ஓடுவதைப் 'பாடல்வரிப் படம்' என்று பிரித்துவிடலாம். என் தனிப்பாட்டை நான் திரும்பப் பெறுகிறேன். முத்தகத்தைத் திரும்பப் பெறமாட்டேன், தண்டியார் வருத்தப்படுவார்.

– ஏற்காடு

~

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. நேற்றுக் கடையில் சோதித்துப் பார்த்தேன். 'இசைக் காணொளி' என்றதும் டீ கொண்டுவந்த பையன் "நியூஸா அண்ணா?" என்றான். 'பாட்டுக் குறும்படம்' என்றதற்கு, "யாரு ஹீரோ?" என்றான். அது போதும் எனக்கு.

ரசீது புத்தகம் நாளை செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்குப் போகிறது. 'பாட்டு'க்கும் 'குறும்படம்' என்பதற்கும் நடுவில் க் போட வேண்டுமா, சேர்த்தே எழுதலாமா? அங்கே தட்டச்சு செய்கிறவர் ஒற்றெழுத்தையெல்லாம் தூக்கிவிடுவார், நான் பக்கத்தில் நின்றுதான் போடவைக்க வேண்டும். இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

– அஸ்தம்பட்டி