ஃபர்னஸ் விட்டுவிட்டு எரிகிறது, உதவுங்கள்

பனிமலர்:
அவசரம். எங்களுக்கு இதுதான் முதல் குளிர்காலம். வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸ் சற்று நேரம் சூடான காற்று தருகிறது, பிறகு குளிர்ந்த காற்றுதான். இரவெல்லாம் இப்படியே. கைக்குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?

வடக்குவாசி:
வீட்டுக்குள்ளும் கம்பளி உடுத்தப் பழகுங்கள், சகோதரி. வந்த புதிதில் நிலவறையில் குடியிருந்தேன். வெப்பத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மேல்வீட்டுக்காரர் கையில். ஜன்னலின் உட்புறம் உறைந்த பனியை நகத்தால் சுரண்டியபடி விடியலுக்குக் காத்திருப்பேன்.

தொலைவானம்:
சுவரிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டை, அதாவது தெர்மோஸ்டாட்டை, நன்றாகக் கூட்டி வையுங்கள், சரியாகிவிடும்.

விடியல்:
கூட்டுவதால் சீக்கிரம் சூடாகாது. மற்ற அறைகளில் சூடான காற்று வரும் துளைகளை மூடிவிட்டு ஒரே அறையில் படுங்கள்.

தொலைவானம்:
மூடினால்தான் கேடு! காற்றோட்டம் குறைந்துவிடும்.

வடக்குவாசி:
வாடகை என்றால் முதல் தேதியே கேட்கிறார்கள், பழுதென்றால் போனை எடுப்பதில்லை. நம்மவர்களும் அப்படித்தான்.

அனல்:
பேச்சு எங்கோ போகிறது. பனிமலர், கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா? அந்த நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. அலாரம் அடித்தாலோ, எல்லோருக்கும் தலைவலி, குமட்டல் வந்தாலோ, காஸ் கசிவைக் காட்டும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ, எந்த சுவிட்சையும் தொடாமல் குழந்தையோடு வெளியேறுங்கள். வெளியே போய் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். அடுப்பை மூட்டி அறையைச் சூடாக்கவே வேண்டாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், தெர்மோஸ்டாட்டில் விசிறி ‘ஆட்டோ’வில் இருக்கிறதா பாருங்கள். ‘ஆன்’ என்று இருந்தால் தீ எரியும் பர்னர் அணைந்த பிறகும் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்து, ஃபர்னஸை அணைத்துவிட்டு ஃபில்டரை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தூசி அடைத்திருந்தால் காற்று போதாமல் உள்ளே சூடு ஏறும். உடனே பாதுகாப்பு சுவிட்ச் பர்னரை அணைத்துவிடும், விசிறி மட்டும் ஓடும். ஆறியதும் மறுபடி பற்றும்.

பனிமலர்:
அலாரம் சரியாக இருக்கிறது, அண்ணா. விசிறி ஆட்டோவில்தான். ஃபில்டரில் வெளிச்சமே ஊடுருவவில்லை. அலமாரியில் புதியது ஒன்று இருக்கிறது. இன்னொன்று, பிரிக்காத பெட்டிகளைக் காற்றுத் துளைகளின் மேல்தான் அடுக்கியிருக்கிறோம்.

அனல்:
முதலில் பெட்டிகளை நகர்த்துங்கள் அம்மா. புதிய ஃபில்டரின் அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்கட்டும். அப்போதும் நின்று நின்று எரிந்தால், ஃபர்னஸ் கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியே பாருங்கள். உள்ளேயிருக்கும் சிறு விளக்கு எத்தனை முறை மினுக்குகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மினுக்கலுக்கு என்ன பழுது என்ற விளக்கம் பெரும்பாலும் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும். வாடகை வீடென்றால், அந்த எண்ணிக்கையோடு பழைய ஃபில்டரின் படத்தையும் இன்றே உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பி, டெக்னீஷியனை வரவழைக்கச் சொல்லுங்கள்.