டிரெய்லர் வாலாட்டுகிறதா? முன்பாரத்தைப் பாருங்கள்

எங்கள் படகில் இருந்த பழைய டூ-ஸ்ட்ரோக் என்ஜினை எடுத்துவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் மாட்டிய பிறகுதான் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. 60 கிலோமீட்டர் வேகம் வரை எதுவும் தெரியாது. அதைத் தாண்டும்போது ஒரு பெரிய லாரி பக்கத்தில் கடந்து போனால் போதும், இடமும் வலமுமாக இழுக்கும், காரையும் சேர்த்து. டயர் காற்று, பேரிங், வீல் நட் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை.

பல வருடமாகப் படகு இழுக்கும் நண்பர் ஒருவர் வந்தார். டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றச் சொல்லி, முன்முனையை ஒரு கையால் தூக்கினார். அப்படியே எழும்பி வந்தது. "முன்பாரமே இல்லையேப்பா, ஆடாம என்ன செய்யும்?" என்றார். முன்பாரம் என்றால் டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கியில் அழுத்தும் கனம். புது என்ஜின் பழையதைவிட நல்ல கனம், அதுவும் படகின் கடைசியில் தொங்குகிறது. அச்சுக்குப் பின்னால் ஏறும் கனமெல்லாம் முன்முனையை மேலே தூக்கும். பின்பாரம் கூடிவிட்டால் சின்ன ஆட்டம்கூட அடங்காமல் வளர்ந்துகொண்டே போகும்.

அப்புறம் எடை பார்த்தோம். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஆள் எடை பார்க்கும் மெஷினின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதில் முன்முனையை இறக்கினோம். காரில் மாட்டும்போது இருக்கும் அதே உயரம் வரவேண்டும். உயரம் மாறினால் எடையும் மாறும். பெட்ரோல், பேட்டரி, நங்கூரம் எல்லாம் பயணத்தில் எங்கே இருக்குமோ அங்கேயே இருந்தன. மெஷின் காட்டியது 15 கிலோ. படகும் டிரெய்லரும் சேர்ந்து 500 கிலோ. சின்னப் படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு (கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்). அதாவது 25 கிலோவாவது வேண்டும்.

டிரெய்லரின் முன்னால் படகின் மூக்கை இழுத்துப் பிடிக்கும் வின்ச் கம்பத்தின் போல்ட்டைத் தளர்த்தி 10 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தி, படகையும் அந்த அளவு இழுத்தோம். படகும் என்ஜினும் 350 கிலோ, கொக்கிக்கும் அச்சுக்கும் 4 மீட்டர். இதில் மட்டும் கிட்டத்தட்ட 9 கிலோ கூடியது. பின்னால் இருந்த 20 கிலோ பெட்ரோல் டேங்கைப் பயணத்துக்கு மட்டும் 2 மீட்டர் முன்னே கொண்டுவந்து கட்டினோம், இன்னும் 10 கிலோ. 34-ல் நின்றது. அதே சாலை, அதே லாரிகள். இப்போது டிரெய்லர் நேராக வருகிறது.

பதில்:
அண்ணா, எங்களுக்கு நேர் எதிர். முன்பாரம் அதிகமாகி, காரின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் மேலே பார்த்தது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது. படகைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம் என்றார்கள், நான் சம்மதிக்கவில்லை. என்ஜின் மாட்டும் பின்பலகை தாங்கு கட்டைகளைத் தாண்டி வெளியே தொங்கினால், அந்தக் கனத்தில் படகின் அடிப்பாகமே நாளடைவில் வளைந்துவிடும். அதனால் அச்சை டிரெய்லர் சட்டத்தோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டைத் தளர்த்தி அச்சை முன்னே நகர்த்தினோம். கொக்கியிலிருந்து அச்சின் இரண்டு முனைக்கும் டேப் பிடித்து, ஒரே தூரம் வந்த பிறகுதான் முறுக்கினோம். இல்லாவிட்டால் டிரெய்லர் கோணலாக ஓடும், டயரும் தேயும்.

பதில்:
படகுக்குள் தேங்கும் மழைத் தண்ணீரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. மேட்டில் ஏறும்போது அத்தனையும் பின்னால் ஓடிவிடும், முன்பாரம் காணாமல் போகும். உறவினர் ஒருவர் படகை இழுத்துப் போனபோது நான் பக்கத்தில் இருந்தேன். மேடு ஏறும்போதே ஆட்டம் ஆரம்பித்தது. அவர் பிரேக்கை மிதிக்கவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் நின்றது. ஓரமாக நிறுத்தி, படகின் பின்னால் இருக்கும் வடிகால் அடைப்பானைக் கழற்றினோம். தண்ணீர் வடிந்து முடிய வெகுநேரம் ஆயிற்று.