மஞ்சள் வீட்டுச் சுவரில் நான்கு பெயர்கள்

ட்ரூ ஃபாஸ்டை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் செய்த ஒரு வேலையைப் பார்த்த அனுபவம்தான் இது.

2007 முதல் 2018 வரை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். நம்மவர்கள் அங்கே தமிழ் இருக்கைக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்ததும் அவர் காலத்தில்தான். அடிப்படையில் வரலாற்று ஆய்வாளர், அமெரிக்கத் தெற்கு மாநிலங்கள்தான் அவர் துறை.

உறவினர் வீட்டுக்குப் போனபோது வளாகத்தைச் சுற்றினேன். ஜான் ஹார்வர்டு சிலையின் காலைத் தொட்டுப் படம் எடுக்கத்தான் எல்லாரும் முண்டியடிக்கிறார்கள். மாசசூசெட்ஸ் அவென்யூ ஓரத்து வாட்ஸ்வொர்த் இல்லத்தில் ஆளே இல்லை. 1726இல் கட்டிய மஞ்சள் மரவீடு, அந்தக் காலத் தலைவர்கள் குடியிருந்தது. சுவரில் ஒரு பலகை: டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா. இரண்டு தலைவர்களின் வீட்டில் அடிமைகளாக இருந்தவர்கள். 2016 ஏப்ரலில் ஃபாஸ்டும் கறுப்பர் உரிமைப் போராளி ஜான் லூயிஸும் திறந்துவைத்தது.

அங்கிருந்து வந்த பிறகுதான் ஃபாஸ்டைப் பற்றித் தேடிப் படித்தேன். வர்ஜீனியாவில், கறுப்பர்களை ஒதுக்கிவைத்த ஊரில் வளர்ந்த வெள்ளைக்காரப் பெண். ஒன்பது வயதிலேயே இது தப்பு என்று அதிபர் ஐசன்ஹோவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்! அப்புறம், அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த தென் கரோலினா அரசியல்வாதி ஹாமண்டின் வாழ்க்கையை 1982இல் நூலாக்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் சாவுகளைப் பற்றிய நூல், தலைவரான மறு ஆண்டே வந்தது.

அடிமை முறையா, அது தெற்கத்திக்காரன் பாவம் என்று கைகழுவுவது அமெரிக்காவின் வடக்கில் பழக்கம். தெற்கைத் துருவியவரே வடக்கின் பெரிய வீடான ஹார்வர்டுக்குத் தலைவியாக வந்து, இங்கேயும் நடந்தது என்று வாசலில் எழுதிவைத்தார் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் பெருமை முழுவதும் அவருக்கில்லை. 2007லேயே ஸ்வென் பெக்கர்ட் என்ற ஹார்வர்டு பேராசிரியர், அங்கிருந்த அடிமை முறையைப் பற்றி மாணவர்களோடு பழைய ஆவணங்களைக் கிளறத் தொடங்கி, 2011இல் சிறுநூலும் வந்துவிட்டது. பலகைக்கு இன்னும் ஐந்து வருடமா என்று கேட்டால் நியாயம்தான்.

2022இல் ஹார்வர்டே அறிக்கை விட்டது: அங்கே வேலை பார்த்தவர்கள் வைத்திருந்த அடிமைகள் 70 பேருக்கு மேல். பரிகாரப் பணிகளுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் யாராவது அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று எழுதுங்களேன்.