கஷ்டகாலத்தில் விசுவாசம்: குழித்துறை முதல் பாறசாலை வரை கண்டதும் கேட்டதும்

குமரி மாவட்டத்து ஊர்களிலும் எல்லை தாண்டிய பாறசாலையிலும் உள்ளவர்கள் சொன்னவை, ஊர் வாரியாக.

குழித்துறை:
ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை என்கிறவர்களுக்கு இங்கே வீட்டு ஜெபத்தில் முதலில் எடுத்துக் கொடுப்பது 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை பேசுகிறது. இந்த வரிசையைக் குலைக்கக் கூடாது. பலர் நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவி, "ஸ்தோத்திரம், எல்லாம் நன்மைக்கே" என்று எழுந்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் ஜெபமே நின்றுபோகிறது. கசப்பை மூடி வைத்துக்கொண்டு கர்த்தரிடம் பேச யாருக்கும் மனசு வராது.

ஒரு நோட்டு எடுங்கள். கடன் என்றால் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்கு என்று அப்படியே எழுதுங்கள். அதற்குக் கீழே ஒரே வேண்டுதல், இன்றைக்கு வேண்டியது மட்டும். நம்பிக்கை வரி எழுத மனம் ஒப்பவில்லையா, வெறுமையாக விட்டுவிடுங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

அருமனை:
நோட்டு நல்ல யோசனை. ஆனால் பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலைக்குப் போகிறவர்களை "அதிகாலை ஜெபம்" என்று வற்புறுத்தாதீர்கள். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறவர்கள் அவர்கள். வெட்டு முடிந்து சிரட்டையில் பால் வடிந்து தீர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பால் எடுக்கப் போகுமுன் இருக்கிற அந்த இடைவேளை ஜெபத்துக்குத் தோதானது.

ஜூன், ஜூலை மழையில் வெட்டு நின்று கையில் காசில்லாதபோதுதான் விசுவாசம் ஆட்டம் காணும். அந்த மாதங்களுக்கு ஆபகூக் 3:17-18ஐ முன்கூட்டியே மனப்பாடம் பண்ணி வைப்பது நல்லது. அத்திமரமும் வயலும் தொழுவமும் கைவிட்ட பிறகும் மகிழ்கிறவனின் ஜெபம் அது. இன்னொன்று: வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகவே சொல்கிறது.

தூத்தூர்:
2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் கரையில் உடல் கிடைக்காத வீடுகள் உண்டு. அங்கே போய் "விசுவாசியுங்கள், திரும்பி வருவார்" என்று சொல்வது பெரிய கொடுமை. வராத ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் காத்திருக்கும் அக்காவின் விசுவாசக் குறைவாகிவிடும். உடல் இல்லாமலும் இறந்தோர் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். எப்போது என்பதை வீட்டார் முடிவு செய்யட்டும், அவசரப்படுத்தக் கூடாது. அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில்) செபமாலை சொல்லும்போது, செவ்வாய், வெள்ளியில் வரும் துயர மறையுண்மைகளில் முதலாவதில் கொஞ்சம் நில்லுங்கள். கெத்சமனியில் இயேசுவும் "இந்தக் கிண்ணம் அகலட்டும்" என்றுதான் கேட்டார்.

பாறசாலை:
திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் வருகிறவர்களைப் பார்க்கப் போகும் ஜெபக்குழுவினருக்குச் சில விஷயம். கீமோ ஏற்றிய பிறகு, பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணு நன்றாகக் குறைந்துவிடும், தொற்று எளிதில் பிடிக்கும். அந்த நாட்களில் கூட்டமாகப் போகாதீர்கள். ஒருவர் அல்லது இருவர், கையை சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் கட்டி, பத்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். சளி இருந்தால் போனில் ஜெபித்தால் போதும். தலையில் கை வைக்குமுன் கேளுங்கள்.

"மருந்தை நிறுத்து, விசுவாசம் போதும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள், நோயாளி காதில் விழும்படி. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். தன் உடலில் இருந்த "முள்" என்ற உபாதையை நீக்கும்படி மூன்று தரம் கெஞ்சியும் அவருக்குக் கிடைத்தது "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில். இவர்களில் யாரையும் விசுவாசமில்லாதவர் என்று வேதம் சொல்லவில்லை.

கூட இருந்து பார்க்கிறவர்களை மறந்துவிடாதீர்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்கு தேவன் முதலில் கொடுத்தது உபதேசம் அல்ல. தூக்கம், அடை, தண்ணீர், அதுவும் இரண்டு தரம். ஒரு ராத்திரி அவர்களுக்குப் பதில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து, வீட்டுக்கு அனுப்பித் தூங்க வையுங்கள்.

நட்டாலம்:
எங்கள் ஊரில் 1712இல் பிறந்த புனித தேவசகாயம், சொத்து நஷ்டத்தில் மனமுடைந்திருந்தபோது திருவிதாங்கூர் படையில் இருந்த டச்சுத் தளபதி தெ லனாய் அவருக்கு யோபின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. யோபுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது. தேவசகாயத்துக்குக் கிடைத்தவை 1745இல் திருமுழுக்கு, பிறகு ஆண்டுக்கணக்கில் சிறையும் சித்திரவதையும், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. விசுவாசித்தால் இழந்தது இரட்டிப்பாக வரும் என்று யோபைக் காட்டி வாக்குக் கொடுப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

துன்பத்தில் இருப்பவருக்கு யோபு வாசிக்கக் கொடுத்தால் 3, 19, பிறகு 38 முதல் 42 வரை போதும். நண்பர்கள் பேசும் அதிகாரங்களிலிருந்து வசனம் பிடுங்கி ஆறுதல் சொல்லாதீர்கள். 42:7இல் ஆண்டவரே அந்தப் பேச்சைத் தள்ளிவிட்டார். அவர்கள் செய்ததில் உருப்படியானது 2:13இல் இருக்கிறது: ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.