மிஷன் ஆஸ்பத்திரியில் ஆச்சி, வீட்டுக்கு வந்த ஊழியக்காரர்கள்

மிஷனரிகள் என்றதும் சிலர் "அவங்க இல்லாட்டி நமக்குப் படிப்பே கிடைச்சிருக்காது" என்கிறார்கள், சிலர் "எல்லாம் மதம் மாத்துற வேலை" என்கிறார்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், திருச்செந்தூர் முருகனைக் கும்பிடுகிற குடும்பம், இந்த இரண்டு பேச்சுக்கும் காரணமானவர்களைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கஷ்டத்தில் இருக்கிறவர் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகும் அந்த உதவி நிற்காமல் வருகிறதா?

ஆச்சிக்குச் சர்க்கரை, காலில் புண் ஆறவே இல்லை, மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலையில் கட்டு மாற்ற வரும் சிஸ்டர், ஆச்சி முனகினால் கையை நிறுத்திவிடுவார், வலி அடங்கின பிறகுதான் மறுபடி பஞ்சை எடுப்பார். ஒருநாள் "ஆச்சி, உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம் தாயி, எனக்குச் செந்தூரான் இருக்கான்" என்றாள் ஆச்சி. "சரி ஆச்சி" என்று சொல்லிவிட்டுக் கட்டைச் சுற்றி முடித்தார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார், முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. விரிப்பு மாற்றும்போது தலையணைக்கு அடியிலிருந்து விழுந்த இலை விபூதியைப் பத்திரமாக எடுத்து ஆச்சி கையில் கொடுத்ததும் அவர்தான்.

சித்தப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நடந்தது வேறு. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஒரு கிறிஸ்தவ ஊழியக் குழு வீட்டுக்கு வந்தது. முதலில் ஆறுதலாகத்தான் பேசினார்கள், அப்புறம் பூஜை அறையைப் பார்த்து "இந்தப் படங்கள் இருக்கிற வரைக்கும் சாபம் போகாது" என்றார்கள், அதற்கும் அப்புறம் விசுவாசம் இருந்தால் மாத்திரை தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராத்திரி பகலாகத் தூக்கமில்லாமல் கிடந்த சித்தி அதை நம்பி மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டாள். சித்தப்பா வலியில் துடித்ததைப் பார்த்த யாருக்கும் அந்தக் கோபம் தீராது, எனக்கும் தீரவில்லை. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: விஷயம் தெரிந்து எங்கள் தெருக்கோடிச் சபையின் ஐயரே, அதாவது போதகரே வந்து, "மருந்தை நிறுத்தச் சொல்லி வேதத்தில் எங்கேயும் இல்லை அம்மா" என்று சித்தியிடம் உட்கார்ந்து பேசித்தான் மாத்திரை வெளியே வந்தது.

பழைய மிஷனரிகளையும் இப்படித்தான் பார்க்கிறேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் படித்ததும் அச்சகம் வைத்ததும் வேதத்தைப் பரப்பத்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கி 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்த ஐடா ஸ்கடரை 'ஆள் பிடிக்க வந்தவர்' என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனசு வராது. அங்கே பிழைத்துப் போனவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. அதற்காக எல்லாரும் புனிதர்கள் என்றும் சொல்லமாட்டேன். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய மிஷனரி கால்டுவெல் தமிழுக்குச் செய்தது பெரிய காரியம், அதே கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி எழுதியது அந்த மக்களை எவ்வளவு புண்படுத்தியது என்பதும் உண்மை. 1877 பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்ததை 'சோத்துக்கு மாறினவங்க' என்று கேலி செய்கிறார்களே, பிள்ளை பசியில் கிடக்கும்போது கஞ்சி ஊற்றிய கையைப் பிடித்தது என்ன குற்றம்? அந்த நேரத்தில் கஞ்சி ஊற்றாமல் இருந்தவர்களை யாரும் கேட்பதில்லை.

என் நண்பன் ஒருவன் தலித் கிறிஸ்தவன். அவன் சொல்கிற புகார் வேறு, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட கனமாகத் தெரிகிறது. வடக்கன்குளம் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள்ளே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிந்தது என்று படிக்கிறோம், அவன் ஊரில் இன்றைக்கும் கல்லறைத் தோட்டம் தனித்தனி. அரசாங்கத்திடம் போனால் 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. சபையிலும் சாதி, சலுகை மட்டும் இல்லை. "அப்புறம் ஏன்டா இன்னும் அங்கேயே இருக்க?" என்று கேட்டேன். "எங்க தாத்தாவைத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாசப்படியிலகூட நிக்க விடல, மிஷன் பள்ளிக்கூடத்துல பெஞ்சுல உக்கார வச்சாங்க. நான் ஏன் வெளிய போகணும், சுவர் கட்டினவன் போகட்டும்" என்றான். கல்லறைத் தோட்டத்தை ஒன்றாக்கச் சொல்லி அவனும் தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்டு இப்போது ஆயருக்கு மனு கொடுத்திருக்கிறார்கள்.